மூட்டை மேல் உட்கார்ந்தவள்

யார் வந்து என்ன கேட்டாலும் எந்திரிக்கக் கூடாது என்று மட்டும்தான் முதலாளி தனபாலன் சொல்லியிருந்தார். மாநகராட்சி வண்டி முக்குத் திரும்பிவிட்டது என்று எதிர்க்கடைக்காரர் போனில் சொன்ன கையோடு, தனபாலன் கல்லாவுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவர் மூட்டையை இழுத்து வந்து, பருப்பு டப்பாக்களுக்கும் எண்ணெய்த் தகரங்களுக்கும் நடுவில், ஜெயக்கொடி வழக்கமாக உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிற இடத்தில் போட்டார். மேலே ஒரு சணல் சாக்கை விரித்தார். "உக்காரு. சேலையை நல்லாப் பரத்தி விட்டுக்க. ஒரு பொம்பளையை எந்திரின்னு சொல்லி எவனும் சோதிக்க மாட்டான். மீறிக் கேட்டா உடம்புக்கு முடியலைன்னு சொல்லு. பொம்பளைங்க சமாச்சாரம்னு சொல்லு. இந்தத் தடவை மாட்டுனா சீல் வச்சிருவாங்க. கடை போச்சுன்னா எனக்கு மட்டுமா போச்சு?" அவள் தலையாட்டினாள், உட்கார்ந்தாள். அடியில் மூட்டை சரசரவென்றது. சாக்கு, சேலை, பாவாடை எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சத்தம் அவள் காதுக்கு வந்தது. அவளுக்கு மட்டும்தான் கேட்கிறதா, கடை முழுக்கக் கேட்கிறதா என்று தெரியவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு சரசரப்பு, விட்டால் இன்னொன்று. சரி, பாதி மூச்சு விடலாம். பாதி மூச்சு விட்டு எத்தனை நேரம் இருக்க முடியும்? மூட்டை வழுக்கியது. உள்ளே கட்டுக் கட்டாக வழுவழுவென்று அடுக்கியிருப்பது ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, அவளை மெல்ல மெல்ல எண்ணெய்த் தகரத்தின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. தொடையை இறுக்கிப் பிடித்தாள். ஹரிணிக்கு மத்தியானத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தோமா? கொடுத்தோம், தயிர்ச்சோறு. ஊறுகாயைத்தான் மறந்தாச்சு. போகட்டும், ஊறுகாய் இல்லாமல் ஒரு நாள் சாப்பிட மாட்டாளா? சாப்பிட மாட்டாள். அப்பா மாதிரி. பாதிச் சோற்றைத் திருப்பிக்கொண்டு வருவாள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார், முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. "சுகாதாரத்துல இருந்து வர்றோம்" என்றார், மிரட்டாமல், பால்காரர் வந்து சொல்லுவதைப் போல. பின்னால் தூய்மைப் பணியாளர் ரெண்டு பேர், மினுங்குகிற மேல்சட்டை போட்டுக்கொண்டு, மற்ற கடைகளில் பிடித்ததை அடைத்த கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரெண்டாவது ஆளைப் பார்த்ததும் ஜெயக்கொடி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சங்கிலி. வாய்க்கால் கரையில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவன். அவள் புருஷனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். இவன் ஏன் இந்தப் பக்கம் வந்தான், இவனுக்கு வேலை வேறு வார்டு இல்லையா, மாற்றிவிட்டார்களா, மாற்றியது எனக்குத் தெரியாமல் போச்சே. அவனும் பார்த்துவிட்டான். "என்ன மதினி" என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். கவிழ்த்துவைத்த பெட்டிகளைத் திருப்பினான். சீனி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டான். கல்லாவுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அங்கே தூசியில் சதுரமாக ஒரு தடம் மட்டும் இருந்தது, இத்தனை நேரம் ஏதோ இருந்து இப்போது இல்லாத தடம். அதை அவன் பார்த்தான். நிமிர்ந்து அடுத்த பெட்டிக்குப் போனான். முதலாளி சிரித்தார். "நாங்கதான் நிறுத்திட்டமே மேடம். எல்லாம் பேப்பர்தான், துணிப்பைதான். கேட்டுப் பாருங்க." யாரைக் கேட்கச் சொல்கிறார்? என்னையா? என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஆமாம் என்பேன். ஆமாம் என்று சொல்லுகிற வாய் எனக்கு எப்போதும் உண்டு.

சங்கிலியின் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையும் அவள் புருஷன் பாண்டித்துரையின் கையும் ஒன்றாகத்தான் அன்றைக்குத் தண்ணிக்குள் போயின. போன ஐப்பசி. மூன்று நாள் விடாமல் பெய்து, வாய்க்கால் தண்ணி போக வழியில்லாமல் திரும்பித் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்குள் கட்டில் கால் முங்கியது. அடுப்பு முங்கியது. ஹரிணி புஸ்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் நின்று அழுதாள். மழை விட்ட மத்தியானம் பாண்டித்துரை கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, "பாலத்து வாயில அடைச்சுக்கிட்டு நிக்குது, நாமளே எடுத்தாத்தான் உண்டு, வாடா சங்கிலி" என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கினான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், சாக்கடை வேலை தெரியாது, எதற்கு நீ இறங்குகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் இறங்கியிருப்பான். நெஞ்சளவு கறுப்புத் தண்ணியில் நின்று கைக்கு அகப்பட்டதை இழுத்து இழுத்துக் கரையில் போட்டார்கள். வந்தது எல்லாம் கவர். கவருக்குள் கவர், கவரைச் சுற்றிக் கவர், சேறு பூசி முடிச்சு விழுந்து, செத்த மாட்டுக் குடல் மாதிரி நீள நீளமாக வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஏதோ ஒன்றை ரெண்டு பேரும் சேர்த்துப் பிடித்து இழுக்க, வாய்க்கால் மடக்கென்று ஒரு முழுங்கு முழுங்கியது. தெருவே கை தட்டியது. தண்ணி கண்ணுக்கு முன்னால் இறங்கியது. ரெண்டு பேரும் சேறும் சிரிப்புமாக மேலே வந்து டீ குடித்தார்கள். பாண்டித்துரையின் குதிகாலில் ஒரு கீறல். கண்ணாடிச் சில்லு கிழித்திருக்கும் என்றான். மஞ்சள் வைத்தாள். மஞ்சள் வைத்தால் போதும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஒரு வாரம் கழித்துக் கெண்டைக்கால் வலிக்கிறது என்றான். அப்புறம் காய்ச்சல். அப்புறம் கண் ரெண்டும் மஞ்சளாகிப் போனது. பெரியாஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள், சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். எலி கடிக்கவே இல்லையே சார் என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். கடிக்க வேண்டாம்மா, அது மோண்ட தண்ணி போதும் என்றார். அந்தத் தண்ணி எதனால் நின்றது என்று அவரிடம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அப்போது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வார்டு ஜன்னலில் ஒரு கவர் காற்றில் மாட்டிக்கொண்டு உப்பி உப்பி அடங்கியதை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த டப்பாவுக்குள்ள என்ன?" "கடலைப்பருப்பு மேடம்." "இது?" "உளுந்து." அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். முதலாளியின் காதோரம் வேர்வை இறங்கியது. நல்ல மனுஷன். அதுதான் கொல்கிறது. கெட்ட மனுஷனாக இருந்தால் இந்த நேரம் எந்திரித்து நின்று, இந்தா எடுத்துக்கோ மேடம் என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு பிளாஸ்க்கில் பாலும் பன்னுமாக வந்து வராந்தாவில் நின்றவர். எடுத்த அன்றைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு மயானம் வரை நடந்தவர். காரியம் முடிந்த மறுநாள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே கூட வராமல், "நாளையில இருந்து கடைக்கு வந்துரு ஜெயக்கொடி, புள்ளையைப் படிக்க வைக்கணும்ல" என்றவர். வந்தாள். முதல் நாள் அவர் கொடுத்த முதல் வேலை, புதுக் கவர்க் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக ஊதித் திறந்து வைப்பது. பிரித்தாள். நீல எழுத்தில் தனம் ஸ்டோர், கீழே ஒரு குத்துவிளக்குப் படம். எங்கே பார்த்தோம் இதை, எங்கே பார்த்தோம் என்று யோசித்தாள். பாலத்துக் கரையில், அவன் இழுத்துப் போட்டதில் ஒரு கொத்து அவள் காலடியில் வந்து விழுந்ததே, அதில் சேற்றுக்குள் இந்த விளக்குதான் இருந்தது. அது ஒன்று மட்டுமா இருந்தது? ஜவுளிக்கடைக் கவர், பரோட்டாக் கடைக் கவர், மருந்துக்கடைக் கவர், எல்லாம் இருந்தது. ஆனால் மற்றதெல்லாம் மறந்துபோச்சு. விளக்கு மறக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன? ஊதினாள். திறந்தாள். அரைக் கிலோ ரவை, கால் கிலோ பாசிப்பயறு என்று போட்டுப் போட்டுக் கொடுத்தாள். இத்தனை மாசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தடை வந்த பிறகு முதலாளி பேர் போடாத வெள்ளைக் கவருக்கு மாறிவிட்டார். பேர் இல்லாவிட்டால் அது யாருடையது? யாருடையதும் இல்லை. கேட்டால் அவரும் என்ன செய்வார், கவர் இல்லை என்றால் ஆள் எதிர்க்கடைக்குப் போகிறது, எதிர்க்கடையில் இல்லை என்றால் இங்கே வருகிறது. நீ நிறுத்து அப்புறம் நான் நிறுத்துகிறேன் என்று ரெண்டு பேரும் டீக்கடையில் சண்டை போட்டுக்கொள்வார்கள், அதிகாரி வந்தால் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுக்கொள்வார்கள். ஹரிணியைப் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிப் பேசச் சொல்லி மேடையேற்றினார்களாம். ஏறி நின்றவள் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிட்டாளாம். ஏன்டி என்று கேட்டதற்கு, "மறந்துருச்சும்மா" என்றாள். மறந்தா போச்சு?

"என்னம்மா, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" அந்த அம்மா அவள் முன்னால் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார்? முழங்கால் கிட்ட அவருடைய செருப்பு தெரிந்தது. அறுந்து தைத்த செருப்பு. "கொஞ்சம் எந்திரிங்கம்மா, பின்னாடி பாத்துக்கிறோம்." அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி எண்ணெய்த் தகரத்துப் பக்கம் நின்றான். இன்னொரு ஆள் வாசலில் நின்றான். தெருவில் போகிற ரெண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். "முடியலை மேடம்" என்றாள். "என்ன முடியலை?" "அது… மாசமாசம் வர்றது. ரொம்பப் போகுது. எந்திரிச்சா…" சொல்லி முடிக்கவில்லை. புருஷன் செத்த பிறகு அவளுக்கு அது வருவதே நின்றுபோயிருந்தது. உடம்பே தூர்ந்துபோன மாதிரி, ஒரு மாசம் இல்லை, மறுமாசமும் இல்லை, வெளியே யாரிடமும் சொல்லவும் இல்லை. இல்லாததை இத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால், சங்கிலிக்கு முன்னால், இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். சங்கிலி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது. பிளந்தால் கவர் மூட்டைதான் முதலில் தெரியும்.

அந்த அம்மா குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அப்படித்தாம்மா. டூட்டியில தெருத்தெருவா நிக்கிறப்ப படுற பாடு எனக்குத் தெரியும். நீங்க உக்காருங்க, எந்திரிக்க வேண்டாம்." கைப்பையைத் திறந்து, தாளில் சுருட்டி வைத்திருந்த நாப்கின் ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காதபடி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்க, கீரை சாப்பிடுங்க, ஆஸ்பத்திரியில காட்டுங்க என்றார். திட்டியிருக்கலாம். முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். இப்படி அன்பாகப் பேசாதே தாயே, உனக்குக் கோடிப் புண்ணியம், பேசாமல் போய்விடு. "முதலாளி, அந்த ஃபேனைக் கொஞ்சம் இவங்க பக்கம் திருப்புங்க" என்றார் அந்த அம்மா. தனபாலனின் கை நின்றுவிட்டது. "பரவால்ல மேடம், அவங்களுக்குக் காத்து ஆகாது…" "திருப்புங்க சார், மயக்கம் போட்டுருவாங்க." அந்த அம்மாவே போய்த் திருப்பிவிட்டார். ஸ்டாண்டு ஃபேன். காற்று முகத்தில் அடித்தது, கழுத்தில் அடித்தது, இடுப்புக்கு இறங்கியது. சேலை விளிம்பு எழும்பியது. கையால் அமுக்கினாள். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. சாக்கின் ஓரம் மடங்கி, அதற்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை முனை வெளியே வந்து படபடவென்று அடித்தது. பாம்பு நாக்கு மாதிரி வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வந்தது. அவளுக்கு எட்டவில்லை. எட்டிப் பிடிக்கக் குனிந்தால் மொத்த மூட்டையும் சறுக்கிவிடும். குனியாவிட்டால் இன்னும் ஒரு நொடியில் அந்த அம்மா திரும்பிவிடுவார். கடவுளே, கடவுளே. கரண்டு போகக் கூடாதா. எத்தனையோ நாள் போகிறது, இன்றைக்குப் போகக் கூடாதா.

சங்கிலி அதைப் பார்த்தான். வெள்ளை முனையைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. ஒரு முழுக் கணம், நெஞ்சளவுத் தண்ணியில் நிற்கிறவன் மாதிரி நின்றான். பிறகு தன் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு எட்டு வைத்து, ஃபேனுக்கும் அவளுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். காற்று நின்றது. முனை மடங்கிப் படுத்தது. "பின்னாடி எண்ணெய்த் தகரம்தான் மேடம். பாத்துட்டேன்" என்றான். குரல் கரகரத்தது. அந்த அம்மா நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், கூட வேலை பார்க்கிறவன் சொல்கிறான். சங்கிலியின் கழுத்துப் பின்புறம் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அங்கே வேர்வையில் உப்புப் பூத்திருந்தது. அவன் காலில் ரப்பர் பூட்ஸ் இல்லை, சாதாச் செருப்புதான். வருகிற ஐப்பசியிலும் வாய்க்கால் அடைக்கும். பாலத்து வாயில் இறங்கச் சொன்னால் இறங்க வேண்டியது இவன்தான், இப்போது இது அவனுக்கு உத்தியோகம். என் சோற்றுக்காகப் பொய் சொல்லிவிட்டு அதே தண்ணிக்குள் இறங்குவான். டேய் சங்கிலி, சொல்லிவிடு. நீயாவது சொல்லிவிடு. என்னை எந்திரிக்கச் சொல்லு. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவர்கள் போனார்கள். போகும்போது அந்த அம்மா முதலாளியிடம் கை கொடுக்காத குறையாக, "எல்லாக் கடையும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல சார்" என்று சொல்லி, பிளாஸ்டிக் இல்லாக் கடை என்று எழுதின பச்சை ஸ்டிக்கர் ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் ஒட்டிவிட்டுப் போனார். வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. தனபாலன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார், பெரிய ஆபரேஷன் முடிந்து பிழைத்தவர் மாதிரி. "நல்ல நேரம். நீ சொன்ன பாரு, பிரமாதம். எந்திரி, எந்திரி, போயிட்டாங்க." அவள் உட்கார்ந்திருந்தாள். "என்ன, காலு மரத்துருச்சா?" "மரக்கலைண்ணே." "பின்ன எந்திரி." வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் பை எதுவும் இல்லை. "அரைக் கிலோ ரவை போடுங்கண்ணே, கவர்ல போட்டுக் குடுத்துருங்க." முதலாளி ரவையை அள்ளித் தராசில் போட்டார், ஜெயக்கொடி பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. "ஆள் நிக்குது ஜெயக்கொடி." "நிக்கட்டும்ண்ணே." அவள் சொன்னதா அது? வேறு யாரோ அவள் வாயால் சொன்ன மாதிரி இருந்தது. அவர் குனிந்து, அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி, "என்ன ஆச்சு உனக்கு?" என்றார். "அன்னைக்கு அவர் பாலத்துக்கு அடியில இருந்து இழுத்துப் போட்டாருல்ல. அதுல நம்ம கடைக் கவர் இருந்துச்சுண்ணே. விளக்குப் போட்டது. என் காலுகிட்ட வந்து விழுந்துச்சு." தனபாலனின் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. "எல்லாக் கடைக் கவரும்தான் இருந்திருக்கும். அதுக்கு? நானா அவனைக் கொன்னேன்?" "நீங்க கொல்லலைண்ணே." "பின்ன யாரு?" இத்தனை மாசமாகச் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறாள், அதற்கு மேல் போக வழியில்லாமல் நினைப்பு திரும்பித் திரும்பி வீட்டுக்குள்ளேயே வருகிறது. "தெரியலைண்ணே. நான் எந்திரிக்க மாட்டேன்."

"இல்லைன்னா விடுங்கண்ணே, அங்கிட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தெருவைத் தாண்டினாள். ரவை தராசிலேயே கிடந்தது. ரெண்டு பேரும் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் மேலே பரணைப் பார்த்து ஏதோ சொன்னார். அங்கிருந்து ஒரு கட்டு விழுந்தது. சற்று நேரத்தில் அவள் வெளியே வந்தாள், ஒரு விரலில் வெள்ளைக் கவர் ஆட, இன்னொரு கையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பாத்தியா?" என்றார் தனபாலன். அவர் குரலில் கோபம் போய்க் கெஞ்சல் வந்திருந்தது. "நீ உக்காந்துட்டா எல்லாம் நின்னுருமா? சொல்லு. அது எங்க போகும்? அதே வாய்க்காலுக்குத்தான் போகும். எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாதா?" தெரியும். இந்தக் கவர் போகும், நாளைக்கு இன்னொன்று போகும், அவள் உட்கார்ந்திருக்கிற இந்த ஒரு மூட்டை நின்றால் கடலில் ஒரு கை தண்ணி குறைந்த மாதிரி. ஹரிணியின் வயிறு மட்டும்தான் நிஜமாகக் குறையும். எந்திரிடி என்று அவளே தனக்குச் சொல்லிப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். கால் யாருடையதோ மாதிரி மடங்கிக் கிடந்தது. முதலாளி அவள் கையைப் பிடித்துத் தூக்க வந்து, தொடக்கூடாது என்று ஞாபகம் வந்தவர் போலப் பின்வாங்கினார். "நாளைக்கு நான் வேற ஆள் பாத்துக்க வேண்டியதுதான்" என்றார், அவளைப் பார்க்காமல். "பாத்துக்கங்கண்ணே" என்றாள். உள்ளங்கையில் அந்த அம்மா கொடுத்தது வேர்வையில் நனைந்து பிசுபிசுத்தது. படியில் அடுத்த ஆள் ஏறி வந்தார், வெறுங்கையை வீசிக்கொண்டு. ஜெயக்கொடி சேலையை இன்னும் கொஞ்சம் அகலமாகப் பரத்திக்கொண்டு, மூட்டையின் மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள்.